மோடத்துக்கு வெச்ச சந்தனம்

கவரப்பேட்ட ஸ்டேஷனாண்ட ஒரு பிரௌசிங் சென்டரு. ஆளு வந்தா குந்த வெக்கிறது, போனா ஃபேன நிறுத்துறது, இதான் நம்ம வேல. அஞ்சாங்கிளாஸோட பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டினவன் கையில கம்ப்யூட்டர ஒப்படைச்ச ஓனரு எவ்ளோ பெரிய தைரியசாலினு பாத்துக்கோங்க. அதுக்கு முன்னாடி நான் கும்மிடிப்பூண்டில ஒரு இரும்பு கம்பெனில லோடு தூக்கிக்கினு இருந்தேன்.

சென்டர்ல சேந்த வருசம் ஆயுத பூஜ வெள்ளிக்கெழம வந்துச்சு. கம்பெனில வேல பாத்தவனுக்கு ஆயுத பூஜைனா சும்மா இல்ல. கிரேனு, வெல்டிங் மிஷினு, சூப்பர்வைசர் சைக்கிளு, எதையும் உடமாட்டோம். கழுவி பொட்டு வெச்சாதான் மிஷினு சொன்ன பேச்சு கேக்கும். ஓனரு ஊர்ல இல்ல, பூஜைய நானே தடபுடலா பண்ணேன். ஒயரெல்லாம் கழட்டி தொடச்சேன். மானிட்டருக்கு சந்தனம், மவுசுக்கு சந்தனம். இன்டர்நெட்டு குடுக்குற மோடம் டப்பா வந்தப்பதான் கொழப்பம். அதுக்கு நெத்தி எதுனு தெரியல. பின்னாடி சதுரமா நாலு ஓட்ட, என் வெரலுக்குன்னே அளவெடுத்த மாரி. நாலுக்கும் நாலு அப்பு. ஒயர சொருகி கற்பூரம் காட்டிட்டேன்.

கற்பூரம் அணையல, பழவேற்காட்டுலேர்ந்து ஒரு மாமியாரும் மருமவளும் கைக்கொழந்தையோட வந்துட்டாங்க. புருஷங்காரரு சவுதில. புள்ள மூஞ்சிய அவரு இன்னும் பாத்ததில்ல. அவரு தங்கியிருக்குற லேபர் கேம்ப்ல அத்தினி பேருக்கும் ஒரே கம்ப்யூட்டரு. அன்னிக்கு அர மணி நேரம் அவரு முற. உட்டா திரும்ப எப்போனு யாருக்கும் தெரியாது.

கம்ப்யூட்டர போட்டேன். கீழ் மூலையில சிவப்பா ஒரு பெருக்கல் குறி. எனக்கு ரொம்ப நாள் பழக்கம் அது. என் சிலேட்டு பூரா டீச்சர் போட்டது அதான். பக்கத்து கம்ப்யூட்டர போட்டா அதுலயும் பெருக்கல் குறி. ஓனரு சொல்லிக் குடுத்த வைத்தியம் ஒண்ணே ஒண்ணு, அமித்திட்டு திரும்பப் போடு. போட்டேன். அதே குறி. டெலிபோன் ஆபீசுக்கு போன் போட்டா அடிச்சுக்கினே கீது. அவங்க அங்க எதுக்கு சந்தனம் வெச்சுக்கினு இருந்தாங்களோ.

"இன்னா தம்பி, லைன் வருதா?"ன்னாங்க மாமியாரு.

"வந்துக்கினே கீதும்மா."

"எப்டி, சவுதிலேர்ந்து நடந்தா?"

மருமவ கடியாரத்தையும் புள்ளையையும் மாத்தி மாத்தி பாத்துச்சு. டப்பாவுலேர்ந்து ஒயர உருவி, ஊதிட்டு சொருகலாம்னு வாயாண்ட கொண்டு போனேன்.

"தம்பி, ஒயரு மூக்குல இன்னா மஞ்சளா?"

"சந்தனம்மா. பூஜ..."

"உன் காதுல ஒரு உருண்டைய அடச்சிட்டு கூப்டா உனக்கு கேக்குமா?"

தலத்துணில குத்தியிருந்த ஊக்க உருவி நீட்டுனாங்க. "நோண்டு."

சுச்ச அமித்திட்டு, அவங்க கண்ணெதிர்ல நாலு ஓட்டையும் காது குடையிற மாரி குடஞ்சேன். ஒயர் முனைய தொடச்சு சொருகுனேன். டப்பாவுல பச்ச லைட்டு மினுக்குச்சு. பெருக்கல் குறி காணோம்.

ஸ்கிரீன்ல புருஷங்காரரு மூஞ்சி வந்துச்சு. சலாம் சொன்னாரு. புள்ளைய தூக்கிக் காட்டுனாங்க. அவரு பதறிட்டாரு.

"இன்னா புள்ள இவ்ளோ மஞ்சளா கீது? காமாலையா? டாக்டராண்ட காட்னீங்களா?"

மாமியாரு திரும்பி என்னப் பாத்தாங்க. நான் மானிட்டர் மேல இருந்த கேமராவப் பாத்தேன். அதுக்கு மட்டும் நெத்தி கரெக்டா தெரிஞ்சு, கண்ணாடி மேலயே ஒரு இழுப்பு இழுத்து வெச்சிருந்தேன். பேசாம லுங்கி நுனில தொடச்சேன்.

இப்போ புள்ள பளிச்சுனு தெரிஞ்சிருக்கும். ஆனா அவரு மூஞ்சி அப்டியே நின்னுடுச்சு. சத்தமும் இல்ல, அசைவும் இல்ல. போச்சுடா, திரும்பவும் லைன் கட்டுனு ஒயர்ல கை வெக்கப் போனேன். மாமியாரு பட்டுனு என் கையத் தட்டி உட்டாங்க.

"தொடாத. லைன் கீது. அவன் அழுவுறான்."