கண் திறக்காத ஆமை

பருத்திப்பட்டில் வாடகைக்கு இருந்தபோது, நாங்கள் வளர்த்த ஆமைக்குக் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. டாக்டர் சொன்னபடி சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். வீட்டு ஓனர் மாடியேறி வந்தார்.

“இன்னாம்மா, ஊட்டுக்குள்ள ஆமைய வச்சிகினு கீற? குடும்பத்துக்கே ஆவாது. ஏரில போட்டுடு.”

“அதுக்குக் கண்ணு தெரியலைங்க. செத்துடும்.”

“சாவட்டும்!” என்று தொட்டியைப் பிடித்து இழுத்தார்.

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. யாரிடமும் குரலை உயர்த்தியே அறியாத நான், “கைய எடுய்யா!” என்று கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது. அவர் கையை எடுத்தார்; வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டுப் போனார்.

“போய் மன்னிப்பு கேளு” என்றார் கணவர். நான் கேட்கவில்லை. வெள்ளானூருக்கு மாறினோம். ஆமைக்கு ஒரு கண்தான் திறந்தது.

கணவருக்கு என்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. எனக்கு அப்படிக் கத்த வரும் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. அதற்காக நான் வெட்கப்படவில்லை.