கொழுப்பும் எலும்பும் கதைப்பதைத் தேடியவர்

சுபஹு தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் யாரோ மௌத்தாகிவிட்டதாக ஜனாஸா அறிவித்தல் வந்தது. இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்று போய்க் கடைசியில்தான் 'டொக்டர் ஸரீனா' என்றார்கள். அப்படியே படியில் இருந்துவிட்டேன். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் அவரிடம் பிள்ளைகளைக் காட்டியவர்கள் நிறையப் பேர். உங்களுக்காகத்தான் இது. எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல மருமகன் எழுதுகிறார்.

என் பேத்தி ருஸ்தா பெரியவளான வருடம், தொழுகையில் ருகூவுக்குக் குனிந்தபோது முதுகின் ஒரு பக்கம் உயர்ந்து தெரிவதை என் மகள் கண்டாள். புத்தகப்பையின் பாரம் என்றார்கள், கண்ணூறு என்றார்கள். "ரெண்டுமில்ல, முள்ளந்தண்டு வளையிது" என்றார் டொக்டர். மார்பிலிருந்து இடுப்புவரை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பெல்ட் ஒன்றைச் செய்வித்துக் கொடுத்தார். "வளர்த்தி முடியுமட்டும் போடணும். வளைவு கூடினா ஒப்பரேஷன்தான்."

"அப்ப எதால வளையிது?" என்று கேட்டேன்.

"அதத்தான் நானும் தேடுறன் மூத்தாப்பா. நம்மட உடம்புக் கொழுப்பு சும்மா கிடக்கிறல்ல. ஹோர்மோன் எண்டு ஒரு செய்திய இரத்தத்தில அனுப்புது. அது மூளைக்கும் போகுது, எலும்புக்கும் போகுது. இப்பிடி வளையிற புள்ளைகள் சிலபேர்ட அந்தச் செய்தி கொஞ்சம் வித்தியாசமா இரிக்கி."

"அப்ப கொழுப்பு நம்மட வட்டவிதானை மாதிரி. எந்த வயலுக்கு எப்பத் தண்ணி எண்டு ஆள் அனுப்புறவர்."

சிரித்தார். "ஓம். ஆனா வாய்க்கால் வளைஞ்சது அவராலயா, வளைஞ்சதாலதான் அவர் அப்பிடி ஆள் அனுப்புறாரா எண்டு எனக்குத் தெரியா."

கொழுப்பு எலும்போடு கதைக்கிறதாம்! இத்தனை காலம் சுமந்து திரிந்த உடம்பை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல இருந்தது.

மகளின் காதில் விழுந்தது கொழுப்பு மட்டும்தான்; பிள்ளைக்குக் கொழுப்பு ஏறினால் எலும்பு நிமிரும் என்று நினைத்துவிட்டாள். அடுத்த நாளே நெய்ச்சோறு, ஆட்டுக்கால் சூப், வட்டிலப்பம். பெல்ட் வயிற்றை அமத்துவதால் பிள்ளைக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று அதைக் கழற்றி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டாள். அடுத்த எக்ஸ்ரேயில் வளைவு கூடியிருந்தது. இன்னும் கொஞ்சம் கூடினால் கத்திதான்.

அன்று பின்னேரமே டொக்டர் வீட்டுக்கு வந்தார். ஏசுவார் என்று பயந்து மகள் குசினியை விட்டு வரவில்லை.

"வெளிய வாகா. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுக்கிற குர்பான் ஆட்டையும் இப்பிடிக் கொழுக்க வைக்கிறல்ல" என்றார். பிறகு குரல் தணிந்தது. "பிழை என்ர. தெரியாதத ஆசையாக் கதைச்சி, தெரிஞ்சத அழுத்திச் சொல்லாம விட்டுட்டன். பெல்ட்டு தெரிஞ்சது. மத்தது தேடுறது."

தானே பெல்ட்டைக் கட்டிவிட்டார். பெல்ட்டோடு சிறுகச் சிறுகச் சாப்பிடக் காட்டிக்கொடுத்தார். மிச்ச வட்டிலப்பத்தை அவரே முடித்தார்.

"டொக்டர், ஒங்கட கொழுப்பு இப்ப என்ன செய்தி அனுப்புது?" என்றாள் ருஸ்தா.

"இன்னொரு துண்டு கொண்டா எண்டு."

அவளுடைய வளர்த்தி முடிந்தபின் எடுத்த எக்ஸ்ரே படத்தை டொக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "வளைவு நிண்டிரிக்கி மூத்தாப்பா. இதுக்கு மேல போகல்ல." கண் நிறைந்திருந்தது.

"பெல்ட்டாலயா, மகள்ற சாப்பாட்டாலயா?"

"பெல்ட்டு உதவியிரிக்கும். மிச்சம் தெரியா."

அவ்வளவு சந்தோஷத்திலும் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல் கூட்டிச் சொல்லவில்லை. தேடியது கைக்கு வருமுன்னே மண்ணுக்குள் போய்விட்டார். அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, ஈரக் கண்ணோடு 'தெரியா' என்று சொன்ன முகத்தை நான் மனதில் வைத்துக்கொண்டேன்.