நேத்து மாதிரியே

பீங்கான் சூளைகளின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் புரோகிராம் எழுதுவது என் பிழைப்பு. யாரிடமும் போய்ப் படித்ததில்லை. தட்டித் தடவிக் கற்றதுதான். முதலில் பட்டறைக்கு ஒரு நகல் போட்டு, அதற்குள்ளேயே அந்தச் சூளையின் எண்களை எழுதி வைத்திருந்தேன். சின்னத் திருத்தம் என்றாலும் பட்டறை பட்டறையாக ஏறி இறங்க வேண்டும். அலுத்துப்போய், எண்களையெல்லாம் தனிக் கோப்பில் பிரித்து வைத்து, அதைப் படிக்க எல்லாருக்கும் பொதுவாக ஒரு லைப்ரரி, அதாவது எல்லாப் பட்டறை புரோகிராமும் கூப்பிட்டுக்கொள்ளும் ஒரே துண்டு, எழுதினேன். இனியாவது உட்கார்ந்து டீ குடிக்கலாம் என்று நினைத்தேன்.

வேப்பூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் வந்தது. பீங்கானில் ஃபியூஸ் கட்டை செய்யும் பட்டறைக்கார அக்கா.

“தம்பி, சூளை பத்தவே மாட்டேங்குது. நாளன்னைக்கு லாரி வருது. சரக்க அடுக்கிட்டு ஒக்காந்திருக்கேன்.”

“கோப்புல உச்ச சூடுன்னு ஒரு கட்டம் இருக்குதுல்ல, அதுல என்ன போட்டீங்க?”

“நேத்து மாதிரியேன்னு போட்டேன்.”

தப்பில்லை. அங்கே தினமும் காலையில் ஆட்களுக்கு அவர் சொல்லும் வார்த்தையே அதுதான். ஆனால் எண் இல்லாவிட்டால் பற்றவைக்காதே என்று லைப்ரரிக்கு நான் சொல்லி வைத்திருந்தேன். நேற்றைய எண்ணையோ அவர் அழித்துவிட்டுத்தான் இதை எழுதியிருக்கிறார்.

“நேத்து எவ்ளோக்கா வச்சீங்க?”

“புது மண்ணுன்னு கூட்டிக் கொறச்சேன். ஞாபகமா இருக்குது? ஏன் தம்பி, ஒன் புரோகிராமுக்கு தமிழ் தெரியாதா?”

பஸ் பிடித்துப் போனேன். சூடு மிஞ்சினால் கட்டைகள் கோணிப்போகும், குறைந்தால் வேகாது. குறைவான எண்ணில் பற்றவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். சூளையின் ஓட்டை வழியே, சூடு சரியானதும் சாயட்டும் என்று உள்ளே வைத்த மண் கூம்பு வளைகிறதா என்று அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இன்னும் கொஞ்சம்... இன்னும்... போதும், போதும்!”

அந்த எண்ணைக் கோப்பில் எழுதினேன். சூளை ஆறித் திறந்தபோது ஓரத்தில் சிலது கோணல். மற்றதெல்லாம் லாரி ஏறிவிட்டது.

கடைசியாகச் சரக்கு ஒழுங்காக வெந்த எண்ணை லைப்ரரியே நினைவில் வைத்து, அக்காவின் வார்த்தையைக் கண்டால் அதையே எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன். இப்போது எந்தப் பட்டறையில் ‘நேத்து மாதிரியே’ என்று எழுதினாலும் சூளை பற்றும்.

போன வாரம் இன்னொரு பட்டறையிலிருந்து போன். சூளை பற்றவில்லையாம். கட்டத்தில் எழுதியிருந்தது: ‘போன தடவைய விட கொஞ்சம் கம்மியா.’

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.