வகாப் பாய் ஏற்றுக்கொண்ட பழி

காரிமங்கலம் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் வகாப் பாய் தவறிவிட்டார் என்று சொன்னார்கள். பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு இதில் ஒன்றுமில்லை.

மாம்பழக்கூழ் டப்பாவுக்கு மூடி அடிக்கும் நம் கம்பெனியில் அவர் ஃபோர்மேன். நான் பிரஸ் மிஷின் ஓட்டினேன். மோதிரம் போட்ட கையோடு யாரையும் மிஷின் பக்கம் விடமாட்டார். "மோதிரத்தை வூட்ல வெச்சிட்டு வாப்பா. மாட்டுச்சுன்னா விரலையும் சேத்து இழுத்துக்கும்" என்பார். புது மாப்பிள்ளைகளுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

அந்த வருஷம் ஆயுதபூஜைக்கு, கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பிக் கூண்டைக் கழற்றிவிட்டு மிஷினைக் கழுவினோம். பொட்டு வைத்து, கூண்டு மாட்டும் இடத்திலேயே மாலையைக் கட்டினோம். பூஜை மாலை தானாக வாடி உதிரும்வரை அதை யாரும் எடுப்பதில்லை என்பது நம் வழக்கம். மறுநாள் வேலை தொடங்கும்போது பாய் மாலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். முஸ்லிமான தான் அதில் கை வைத்தால் தப்பாகிவிடுமோ என்று அவருக்குத் தயக்கம். "யாராச்சும் எடுத்துட்டுக் கூண்டை மாட்டுங்கப்பா" என்றார். ஒருவரும் அசையவில்லை.

"இருக்கட்டுங்க பாய், நான் பாத்து ஓட்டிக்கறனுங்க" என்றேன். பொழுது சாய்வதற்குள் என் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

விசாரணையில், மாதுதான் கவனமில்லாமல் ஓட்டினான் என்று எல்லோரும் ஒரே குரலில் என் பெயரைச் சொன்னார்கள். பாய் எழுந்தார். "அவனைச் சொல்லாதீங்க. கூண்டில்லாத மிஷினை ஓட விட்டது நானு. மிஷினுக்குப் பயப்படாம மாலைக்குப் பயந்துட்டேன்." ஃபோர்மேன் பதவி போய், பிரஸ்ஸில் வந்து உட்கார்ந்தார். மாலையை எடுக்காத எங்களில் எவனும் அவருக்காக வாய் திறக்கவில்லை.

என்னை ஸ்டோரில் போட்டார்கள். கையைத் துண்டில் சுருட்டி வைத்தே பழகிவிட்டேன். ஒருநாள் பாய் வந்து, "மாது, புதுசா வர்றவங்களுக்கு உன் கையைக் கொஞ்சம் காட்டேன்ப்பா. நான் தொண்டை கிழியக் கத்தறதை அது சும்மாவே சொல்லிரும்" என்றார். "நான் என்ன சந்தையில கட்டின மாடுங்களா, ஆளாளுக்குப் பாத்துட்டுப் போக?" என்று கத்திவிட்டேன். முகம் சுண்டிப்போய் நின்றார். பிறகு கேட்கவேயில்லை.

அதற்குப் பதில் ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் மறுநாள் புதியவர்களைக் கூட்டி, "என்னால ஒருத்தனுக்கு விரல் போச்சு" என்று தன்னையே காட்டினார். என் பெயரைச் சொன்னதில்லை. நானும் பின்னால் நின்று, யாரையோ பற்றிய கதைபோலக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கபர்ஸ்தானில் மண் போட்டுவிட்டு, கையைத் துண்டில் சுருட்டிக்கொண்டு திரும்பும்போது, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "பாய் சொல்வாருங்களே, விரல் போன ஆளு, அது யாருங்க?"

"தெரியலைங்க" என்றேன்.

பாயைப் புதைத்த மண் இன்னும் என் கையில் ஒட்டியிருந்தது. சொன்னதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வெட்கம்தான். கேட்டவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: அந்த ஆள் நான்தான். வரும் ஆயுதபூஜைக்கு மறுநாள், மிஷின் ஓடுவதற்கு முன்னால், கையைக் காட்டுகிறேன்.