கறி விளம்பரமான என் உள்ளான் படம்

சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலையின் லேபில் வேலை செய்கிறேன். ஞாயிறுதோறும் ஏரிச் சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைகளைப் படமெடுப்பேன். படத்தின் மூலையில் ஏரியின் பெயரும் என் நம்பரும் போட்டு, 'யாரும் எடுத்துக்கொள்ளலாம்' என்று ஃபேஸ்புக்கில் பகிர்வேன்.

போன மாதம் முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்தார்.

"மேடம், உள்ளான் இருக்குதா? ரெக்கயெல்லாம் பிச்சி, கிளீன் பண்ணிக் குடுப்பீங்களா?"

எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டு, அவருக்கு வந்ததை எனக்கு அனுப்பச் சொன்னேன். யாரோ என் படத்தையே கறி விளம்பரமாக்கி வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருந்தார்கள். மூலையில் என் நம்பர் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை வனக்காவலர் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஏம்மா, பறவ புடிச்சி வித்துக்கினு இருக்கிறியா?"

அக்கம்பக்கத்தார் பார்க்க, அழுதுகொண்டே கேமராவிலிருந்த படங்களையெல்லாம் காட்டினேன். நல்லவேளை, நம்பினார். உடனே இருவரும் ஏரிக்குப் போனோம்.

நான் வழக்கமாக நிற்கும் இடத்திலேயே வலை கட்டியிருந்தது. அதில் ஓர் உள்ளான் துடித்துக்கொண்டிருந்தது. காவலர் வலையை அறுத்துவிட்டதும், ஒரு காலை இழுத்துக்கொண்டே ஓடியது.

"இந்த எடத்த அவனுங்களுக்கு யாரும்மா காட்டுனது?" என்றார். போனைத் திறந்து, என் படத்தின் மூலையிலிருந்த ஏரியின் பெயரைக் காட்டினேன்.

இப்போதும் படங்களை இலவசமாகவே தருகிறேன். ஏரியின் பெயரை மட்டும் எழுதுவதில்லை. யாராவது ஆசையாக, 'எந்த ஏரி?' என்று கேட்டால்கூட, எனக்கு அந்தப் போன் குரல்தான் கேட்கிறது.