வெளிச்சம் விழாத மூலை

புதிதாக ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்குகிறவர்கள் யோசனை கேட்டால், நான் முதலில் லென்ஸைப் பற்றித்தான் பேசுவேன். சின்ன டிஜிட்டல் கேமராவுக்கு வாங்கிய லென்ஸைப் பெரிய கேமராவில் போடாதீர்கள். சிலது மாட்டும். மாட்டிவிட்டது என்பதாலேயே சரியாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டது.

2009 வாக்கில் விருத்தாசலத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். துபாயில் வேலை பார்த்த கூட்டாளி லீவுக்கு வரும்போது எனக்கு முதல் ஃபுல் ஃபிரேம் கேமராவை வாங்கி வந்தார். தங்கச்சி கல்யாணத்துக்கு நாலு நாள்தான் இருந்தது. ஊரில் வேறு எவனிடமும் இல்லை என்ற திமிரில் மேனுவலைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அகலமாக எடுக்கிற லென்ஸ் மட்டும் பழைய சின்னக் கேமராவில் இருந்ததையே வைத்துக்கொண்டேன்.

அம்மா பீங்கான் கம்பெனியில் பொம்மைகளின் பிசிறைத் தேய்த்துச் சரிசெய்கிற வேலை பார்த்தாள். அப்பா இறந்த பிறகு எந்த விசேஷத்திலும் அவள் போட்டோவுக்கு நின்றதில்லை. கூப்பிட்டால் அடுப்பைப் பார்க்கணும் என்று நழுவிவிடுவாள். இந்தக் கல்யாணத்தில்தான் வாய்விட்டுக் கேட்டாள்.

"எல்லாரோடயும் நிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக் குடுப்பா. வூட்டுல மாட்டணும்."

மேடையில் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். அம்மாவைத் தங்கச்சி பக்கத்தில்தான் நிறுத்தினேன். அத்தை மெதுவாகச் சொன்னார். "அண்ணி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பொண்ணு மாப்ளைக்கு இதான மொத போட்டோ."

அம்மா நகர்ந்து நகர்ந்து பின்வரிசையின் கடைசிக்கே போய், முன்னால் நின்ற பெரியம்மா பேத்தியின் தோளில் கை வைத்துக்கொண்டாள். தங்கச்சி என்னையே பார்த்தாள். "உள்ள வாம்மா" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேடையில் சண்டை வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். கேமராவைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டேன். ஒளிந்துகொள்ள அது நல்ல வசதி.

லென்ஸை முழு அகலத்துக்குத் திருப்பியபோது ஓரமெல்லாம் கருப்பாகத் தெரிந்தது. மண்டபத்து லைட்டு லட்சணம் அப்படி என்று நினைத்து மூன்று தடவை அமுக்கினேன். எடுத்த படத்தைக் கேமராவின் பின்னால் இருக்கும் ஸ்கிரீனில் ஓரம் வரை தள்ளித் தள்ளிப் பாருங்கள் என்று இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். அன்றைக்கு நான் நடுவில் இருந்த தங்கச்சி முகத்தை மட்டும்தான் பார்த்தேன்.

மறுநாள் கம்ப்யூட்டரில் திறந்தேன். படம் ஒரு வட்டத்துக்குள் இருந்தது. சுற்றிலும் கரி. அம்மா அந்தக் கரிக்குள் போயிருந்தாள். எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டிக் கருப்பை வெளுக்கவைத்துப் பார்த்தேன். முகம் வரவே இல்லை. அந்தச் சின்ன லென்ஸின் வெளிச்சம் அவள் நின்ற இடம் வரை எட்டவில்லை. எட்டாத வெளிச்சத்தை எங்கே போய்த் தேடுவது?

கடலூரில் ஆல்பம் டிசைன் செய்கிறவர் போனில் சொன்னார். "கருப்பு வந்த எடத்தையெல்லாம் கட் பண்ணிட்டேன் சார். ஓரத்துல யாரும் இல்ல."

யார் இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஆல்பம் வந்த அன்று அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மேடைப் படம் இருந்த பக்கத்திலேயே ரொம்ப நேரம் தேடினாள். லென்ஸு கோளாறும்மா என்று நான் ஏதோ ஆரம்பித்தேன். அவள் காதில் வாங்கவில்லை. பெரியம்மா பேத்தியின் தோளில், மணிக்கட்டோடு நின்றுபோன ஒரு கையின் மேல் விரலை வைத்தாள்.

"இது என் கைதான். பாரு, வளையல் இல்ல" என்றாள். "இதையே மாட்டிடுப்பா."