போட்டாச்சு, விழுந்துருச்சா?

வாகனப் புரோக்கர் தொழிலில் பொய் சொல்லாமல் பிழைக்க முடியாது என்பார்கள். சொல்லாமல்கூடப் பிழைத்துவிடலாம், கேட்காமல்தான் முடியாது.

பதுளையில் ஊரார் வேனையும் த்ரீவீலரையும் விற்றுக் கொடுப்பது என் வேலை. சொந்த வண்டியை விற்றுப் பார்த்த பாவப்பட்ட ஜென்மங்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். என்னிடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே சீட்டு, மேல்மூடி மடங்கும். ஸ்பிரிங்வெளி ரோட்டில் போனால் கல்லுக்குக் கல் அடி உரசும். பிரயோசனம் என்று ஒன்றும் கிடையாது. ஆனால் உயிராக வைத்திருந்தேன்.

போன மழையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மண் சரிந்தது. இனி அங்கே குடியிருக்கக் கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். மளிகைக்கடை நடேசன் முதலாளி டவுனுக்குப் பக்கத்தில் சமதரையில் ஒரு துண்டு நிலம் வைத்திருந்தார். மாசக் கடைசி வரைக்கும் உனக்காகப் பொறுக்கிறேன், அதற்கு மேல் முடியாது என்றார். விற்பதற்கு எங்களிடம் கார் ஒன்றுதான் இருந்தது.

குடும்பத்தோடு வந்தவர்

விளம்பரம் போட்டதும் முதல் ஆளாக வந்தவர் தெமோதரைக்காரர். மனைவி, மாமியார், பிள்ளைகள் என்று ஒரு பட்டாளமே கூட வந்தது. இரண்டு சீட்டுதான் என்று ஃபோனிலேயே சொல்லியிருந்தேன். முன்னால் இரண்டு, பின்னால் எப்படியும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டாராம். வந்தது வந்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டேன். ஆளுக்கு ஒரு தரம் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். என் மனைவி ஸ்டெல்லா எல்லாருக்கும் ப்ளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள்.

மாமியார்க்காரம்மா மட்டும் முழு வண்டியையும் சுற்றி வந்து, டிக்கியைத் திறந்து பார்த்து, மூடினார். "வண்டி சோக்காத்தான் இருக்கு தம்பி. அரிசி மூட்டைய எங்க வைக்கிறது?"

ஓட்டிப் பார்த்தவர்

ஓட்டிப் பார்க்க வருகிறவரை நான் தனியே விடுவதில்லை, பக்கத்தில் ஏறிக்கொள்வேன். வந்தவன் விட்டுப்போன மோட்டார் சைக்கிளை நம்பி சாவியைக் கொடுத்து, கடைசியில் அந்த சைக்கிளும் திருட்டு என்று தெரிந்துகொண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். ஹாலி-எலயிலிருந்து ஒரு இளைஞன் வந்தான். மடிப்புக் கலையாத சட்டை, சென்ட் வாசம். அழகாகத்தான் ஓட்டினான். விலையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வந்து இறங்கியதும் நானே அட்வான்ஸ் பேச்சை எடுத்தேன்.

"வாங்க வரல்லண்ணே. நாளைக்குப் பொண்ணு பாக்கப் போறேன், ஒரு தைரியத்துக்கு ஓட்டிப் பாத்தேன்."

பேரம் பேசாதவர்

எங்கள் தொழிலில் இரண்டு சொல் இருக்கிறது. "போட்டாச்சு" என்பது காசு கொடுக்கிறவன் சொல். "விழுந்துருச்சு" என்பது கணக்கில் காசு வந்ததைப் பார்த்துவிட்டு, காசு வாங்குகிறவன் சொல்ல வேண்டிய சொல். முதல் சொல்லைக் கேட்டு யாரும் சாவியைக் கொடுக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன் நான்தான்.

அடுத்து வந்தவர் தூரத்து ஆள், டிரைவரோடு வேனில் வந்தார். நல்ல பேச்சு. சொன்ன விலைக்குச் சரி என்றார். அதிலேயே நான் முழித்திருக்க வேண்டும். பதுளையில் கத்தரிக்காய்கூட சொன்ன விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால் அன்று காலையில்தான் நடேசன் முதலாளி ஃபோன் எடுத்து, நிலத்தை வேறு ஒருத்தரும் கேட்கிறார் என்றிருந்தார். வந்தவர் ஃபோனில் கொஞ்ச நேரம் தட்டினார். "போட்டாச்சுண்ணே" என்று பேங்க் ஸ்லிப்பைக் காட்டினார், எனக்கும் அனுப்பினார். என் கணக்கில் ஒன்றும் வரவில்லை. "வேற பேங்க் இல்லயா, கொஞ்சம் நேரமெடுக்கும். மழைக்கு முந்தி மலை எறங்கணும்" என்றார். நானும் சாவியை நீட்டிவிட்டேன்.

ஸ்டெல்லா அதை நடுவிலேயே வாங்கிக்கொண்டாள். "கோயில் உண்டியல்லயும் எல்லாரும்தான் போட்டாச்சுங்கிறாங்க. ஃபாதர் எண்ணும்போதுதானே தெரியுது" என்றாள். அப்படியானால் பேங்குக்கே போய்க் கேட்போம் என்றேன். தாராளமாக, நான் வேனில் பின்னால் வருகிறேன் என்றார். வரவில்லை. ஃபோனும் வேலை செய்யவில்லை. பிழைப்பில் மண் விழப் பார்த்ததே என்று நினைத்துக்கொண்டு, அந்த ஸ்லிப்பைக் கவுண்டரில் காட்டினேன். பேங்கில் இருந்த பிள்ளை என் ஃபோனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தது.

"ஐயா, இது ஸ்லிப் இல்ல. ஸ்லிப் மாதிரி செஞ்ச படம்."

வாங்கியவர்

வாங்கியது ஒரு டாக்டரம்மா. சின்ன வயது. எனக்கு முந்தி அவரே நிபந்தனை போட்டார்: பேங்கிலேயே சந்திப்போம், கவுண்டரில் நின்று அனுப்புகிறேன், விழுந்த பிறகு சாவி. உரிமை மாற்றும் பத்திரத்தில் பேரும் திகதியும் போடாமல் கையெழுத்தை மட்டும் வைத்து ஓப்பன் பேப்பர் கொடுக்கிற பழக்கம் இங்கே இருக்கிறது அல்லவா, அதுவும் வேண்டாம், என் பேரிலேயே எழுதுங்கள் என்றார். எல்லாம் நான் ஊருக்குச் சொல்லும் புத்திதான். ஃபோன் டிங் என்றது. "விழுந்துருச்சாண்ணே?" என்று கேட்டார். நான் கையிலிருந்த சாவியைத் தடவிக்கொண்டிருந்தேன். "விழுந்துருச்சு" என்று ஸ்டெல்லாதான் சொன்னாள்.

கார் பஸ் ஸ்டாண்ட் வளைவில் திரும்பி மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்டெல்லா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதே கவுண்டருக்குப் போய் நிலத்துக் காசை அனுப்பினேன். நடேசன் முதலாளிக்கு ஃபோன் எடுத்து, "முதலாளி, போட்டாச்சு" என்றேன்.

"போட்டது சரி அந்தோனி. விழுந்துருச்சான்னு நான்ல சொல்லணும்."

காசு விழவேண்டிய இடத்தில் விழுந்தது, மண் விழாத இடத்தில் நாங்கள் குடியிருக்கிறோம், வண்டி விற்கிறவன் மட்டும் பஸ்ஸில் போகிறேன்.